ஊசியும் நூலும் வாங்கியாச்சு, இப்போ எதைப் போடுவது?

எங்கள் வீட்டு மிக்ஸியின் மேல் ஒரு மயில் உட்கார்ந்திருக்கிறது. மயில் என்றால் கொண்டையும் கழுத்தும் மட்டும்தான். அதற்குக் கீழே தோகை முழுக்க நீலக் கார்பன் கோடாகவே நின்றுவிட்டது. நான் முதன்முதலில் எம்ப்ராய்டரி போட உட்கார்ந்தபோது ஆசைப்பட்டு எடுத்த டிசைன் அது. தலையணை உறை முழுக்கத் தோகை விரித்த மயில், பதினான்கு நிறத்தில் நூல், அதில் பாதிக்கு மேல் சாட்டின் தையலால், அதாவது நூலைப் பக்கம் பக்கமாக நெருக்கிப் போட்டு, நிரப்ப வேண்டியது. கழுத்தை முடிக்கவே மூன்று வாரம் ஆனது. பீரோவுக்குள் போன துணி நான்கு வருடம் வெளியே வரவில்லை. கடைசியில் அம்மாதான், நல்ல காஸ்மென்ட் துணி வீணாகிறதே என்று எடுத்து, ஓரம் மடித்து அடித்து மிக்ஸிக்கு உறை போட்டார்.

புதிதாக ஆரம்பிக்கும் பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபிரேம் வாங்கியாச்சு, நூல் வாங்கியாச்சு, சங்கிலித் தையல், காம்புத் தையல், லேசி டெய்சி (இதழ் மாதிரி ஒற்றை வளையம்), ஃபிரெஞ்ச் நாட் (நூலை ஊசியில் சுற்றிப் போடும் புள்ளி முடிச்சு) என்று நாலைந்து தையல் வீடியோ பார்த்துப் பழகியாச்சு, அப்புறம்? போனை எடுத்து டிசைன் தேடுகிறோம். ஒரு மணி நேரத்தில் இருநூறு படம் சேமித்துவிடலாம். ஆனால் அந்த இருநூறில் ஒன்றுகூட நம் வீட்டில் இருக்கிற துணிக்கோ, நமக்குக் கிடைக்கிற நேரத்துக்கோ, நம் கை இப்போது இருக்கிற பக்குவத்துக்கோ வரையப்பட்டதில்லை. சேமித்த படம் போனிலேயே இருக்கும், நூல் கவரிலேயே இருக்கும்.

இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் போய்விடும். ஒன்று மோடிஃப்: ஒரு பூ, ஒரு மாங்காய், ஒரு கோலச் சுழி, ஒரு எழுத்து, இப்படித் துணியில் வந்து உட்காரப்போகிற உருவம். இன்னொன்று ப்ராஜெக்ட்: அந்த உருவம் போய்ச் சேர்கிற பொருள், அதாவது கைக்குட்டை, பை, பிளவுஸ் கை, தலையணை உறை. "எனக்கு ஐடியாவே வரமாட்டேங்குது" என்று சொல்பவர்களிடம் பெரும்பாலும் மோடிஃப் நிறையவே இருக்கும், ப்ராஜெக்ட்தான் இருக்காது. அதனால் என் யோசனை கொஞ்சம் தலைகீழானது. படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் துணியைத் தேடுங்கள்.

துணியைத் தேடுவது

வீட்டு அலமாரியைத் திறந்தால் போதும். மஞ்சள் கறை போகாத குர்தி ஒன்று இருக்கும். பாக்கெட்டில் பேனா கசிந்த சட்டை ஒன்று இருக்கும். ஒரு வேலைப்பாடும் இல்லாமல் வெறுமையாக இருக்கிற பருத்திப் பிளவுஸ், அரை டஜனாக வாங்கி வைத்த வெள்ளைக் கைக்குட்டை, ஓரம் மட்டும் நைந்த தலையணை உறை. இவற்றில் ஒன்றைக் கையில் எடுத்ததுமே பாதி முடிவுகளை அதுவே எடுத்துவிடும். கறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பூ. கைக்குட்டையின் மூலை என்றால் 4 செ.மீ.க்கு மேல் போனால் மூக்கைத் துடைக்கும்போது குத்தும். தினம் துவைக்கிற துணி என்றால் நீளமான சாட்டின் தையல் வேண்டாம், அது எதிலாவது மாட்டி இழுத்துக்கொள்ளும். கைக்குழந்தையின் ஜபலா என்றால் பின்பக்கம் முடிச்சே இருக்கக் கூடாது, குழந்தையின் தோலை உறுத்தும்.

துணியின் நெசவும் பேசும். பாப்ளின், காஸ்மென்ட் மாதிரி நெருக்கமாக நெய்த பருத்தி, கற்றுக்கொள்பவருக்கு நல்ல துணை. மல் துணி மெலிசு, பின்னால் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு நூலை இழுத்துக்கொண்டு போனால் முன்பக்கம் நிழலாகத் தெரியும். லக்னோவின் சிக்கன் வேலைக்காரர்கள் இதையே ஒரு கலையாக்கிவிட்டார்கள்: மெல்லிய துணியின் பின்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக நிரப்பி, முன்பக்கம் இதழுக்குள் லேசான நிழல் தெரியும்படி விடுவார்கள். நமக்கு ஆரம்பத்தில் அது வேண்டாம், ஆனால் மல் துணியில் நூலை நீளமாக இழுக்கக் கூடாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். இழுபடுகிற டி-ஷர்ட் துணியை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஃபிரேமில் இழுத்துக் கட்டும்போது அழகாக இருக்கும், கழற்றினதும் பூவைச் சுற்றிச் சுருக்கம் விழுந்து அப்பளம் பொரிந்த மாதிரி ஆகிவிடும்.

துணியிலிருந்து ஆரம்பிப்பது நான் கண்டுபிடித்த தத்துவம் ஒன்றும் இல்லை. வங்காளத்துக் காந்தா வேலை முழுக்க அப்படிப் பிறந்ததுதான். உடுத்தி நைந்துபோன புடவை, வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவை நகராமல் இருக்க ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டுவது) போட்டு இணைத்துப் போர்வையாக்குவார்கள். தைக்கிற நூலைக்கூடப் பழைய புடவைக் கரையிலிருந்து உருவி எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு தாமரை, நான்கு மூலைக்கும் ஒவ்வொரு மரமோ கொடியோ, மிச்ச இடத்தில் வீட்டில் பார்க்கிற மீன், யானை, பல்லக்கு, சீப்பு என்று எதுவும் வரலாம். யோசித்துப் பாருங்கள், அதில் இருக்கிற அடிப்படைத் தையல் நாம் முதல் நாளே கற்றுக்கொள்கிற ஓட்டுத் தையல்தான். கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிற பழைய காந்தாக்களின் படங்களைப் பார்த்தால், எளிய தையலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பது புரியும்.

ஒரு மஞ்சப்பை

முதல் ப்ராஜெக்ட் என்ன என்று என்னைக் கேட்டால் மஞ்சப்பையைத்தான் கைகாட்டுவேன். 2021 டிசம்பரில் தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்று ஆரம்பித்த பிறகு எல்லா வீட்டிலும் நாலைந்து சேர்ந்திருக்கிறது, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை வேறு. கெட்டுப்போனால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள், நன்றாக வந்தால் கடைக்குப் போகும்போது நாலு பேர் கேட்பார்கள். மஞ்சள்மேல் அரக்கு, கரும்பச்சை, கறுப்பு மூன்றுமே எடுப்பாகத் தெரியும்.

பையை முதலில் ஒருமுறை அலசிக் காயவையுங்கள். கஞ்சியும் சாயமும் கொஞ்சம் போகும், துணி சுருங்குவதாக இருந்தால் இப்போதே சுருங்கிவிடும். தைத்த பிறகு சுருங்கினால் பூ மட்டும் அப்படியே நின்று சுற்றியிருக்கும் துணி இழுத்துக்கொள்ளும். அடுத்தது, எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு: பை ஏற்கெனவே மூட்டித் தைத்தது, ஃபிரேமை முன்பக்கத் துணிக்கு மட்டும் மாட்டினாலும் ஊசி பின்பக்கத் துணியையும் சேர்த்துக் கவ்விவிடும். நான் அரை மணி நேரம் தைத்து முடித்துப் பையை விரித்துப் பார்த்தால் வாய் திறக்கிறது, வயிறு திறக்கவில்லை. அதற்கு மருந்து சுலபம். பழைய காலண்டர் அட்டையைப் பைக்குள் செருகி வைத்துக்கொண்டால் ஊசி அட்டையில் முட்டும்போதே தெரிந்துவிடும்.

இப்போது அந்தப் பையில் என்ன போடுவது? இங்கேதான் மோடிஃப் வேலைக்கு வருகிறது.

கண்ணில் படுவதைத் தையலாக மாற்றுவது

உந்துதல், இன்ஸ்பிரேஷன் என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் நடைமுறையில் ஒரு சின்னக் கேள்விதான்: "இது என்ன தையல்?" ஒரு பொருளைப் பார்த்ததும் இந்தக் கோடு சங்கிலித் தையலா, இந்தப் புள்ளி ஃபிரெஞ்ச் நாட்டா, இந்த இலை லேசி டெய்சியா என்று மனது கேட்க ஆரம்பித்தால் அப்புறம் டிசைன் தேடி அலைய வேண்டியதே இல்லை. நமக்கு இதில் ஒரு பெரிய அதிர்ஷ்டம், கோல நோட்டு. பாட்டியோ சித்தியோ மார்கழிக்காகச் சேர்த்துவைத்த பழைய கோடு போட்ட நோட்டு வீட்டில் எங்கேயாவது கிடக்கும், அது முழுக்கத் தைக்கத் தயாராக இருக்கும் டிசைன்.

ஒரு சிக்குக் கோலத்தை எடுத்துக்கொண்டு கிட்டத்தில் பார்ப்போம். ஒரு வரிசைக்கு 4 புள்ளி, மொத்தம் 5 வரிசை, புள்ளிக்குப் புள்ளி 1 செ.மீ. இடைவெளி. எல்லாப் புள்ளிகளுக்கு நடுவிலும் கோடு குறுக்கே வெட்டிப் போகிற சாதாரணச் சிக்குக் கோலம் போட்டால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து ஒரே கோடாக முடியும். இதையே 5 புள்ளி 5 வரிசை என்று சதுரமாக வைத்தால் ஐந்து தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்துவிடும். இரண்டு எண்ணுக்கும் பொதுவான மிகப் பெரிய வகுத்தி எதுவோ அத்தனை கோடுகள் வரும். பள்ளியில் மீ.பொ.வ. எதற்குப் படித்தோம் என்று கேட்டவர்களுக்கு இதோ ஒரு பதில். ஒவ்வொரு கோட்டுக்கும் வேறு நிறம் கொடுக்க ஆசை என்றால் சதுரம் வையுங்கள், ஒரே நிறம் போதும் என்றால் 4-க்கு 5.

நம் 4-க்கு 5 கோலத்தின் மொத்தக் கோடு கிட்டத்தட்ட 60 செ.மீ. வரும். சங்கிலித் தையல் தன் நீளத்தைப் போல மூன்று மடங்கு நூலைத் தின்னும், ஆக ஏறக்குறைய 2 மீட்டர். கடையில் கிடைக்கிற எம்ப்ராய்டரி நூல் கட்டு ஒன்று 8 மீட்டர், அதில் ஆறு இழை முறுக்கியிருக்கும். மூன்று இழையாகப் பிரித்துத் தைத்தால் கட்டிலிருந்து 1 மீட்டர் வெட்டினாலே கோலம் முடிந்துவிடும். ஒரு கட்டு நூலில் இப்படி எட்டுக் கோலம் வரை போடலாம் என்று தெரிந்தால் பதினான்கு நிறம் வாங்கும் ஆசை தானாகக் குறையும். ஊசியில் கோக்கும் நூல் மட்டும் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும், ஆனால் துணிக்குள் போய் வந்து போய் வந்து கடைசிப் பாதி பஞ்சாகிவிடும்.

கோலத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, பெயரிலேயே இருக்கிறது. இந்தக் கோடு 31 இடத்தில் தன்னையே வெட்டிக்கொள்ளும். சங்கிலிமேல் சங்கிலி ஏறினால் அந்த இடம் முண்டு தட்டும். அதனால் ஏற்கெனவே போட்ட கோட்டுக்கு முன்னால் வந்ததும் கடைசி வளையத்தை ஒரு சின்னக் குத்தால் அடக்கிவிட்டு, ஊசியைத் துணிக்கு அடியில் கொண்டுபோய், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏற்றிப் புதுச் சங்கிலியாகத் தொடருங்கள். பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வருகிற ரயில் மாதிரி இருக்கும். கடைசியில் இருபது புள்ளிக்கும் இருபது ஃபிரெஞ்ச் நாட், இரண்டு சுற்று போதும். புள்ளி மட்டும் வேறு நிறத்தில் வைத்தால் நன்றாக இருக்கும்.

புடவைக் கரைகளும் இப்படித்தான். காஞ்சிபுரத்துப் பட்டின் கரைகளுக்கும் கட்டங்களுக்கும் இருக்கிற பெயர்களைப் பாருங்கள்: மல்லிமொக்கு, ருத்ராட்சம், மயில்கண், வைரஊசி, கோபுரக் கரை. ஒவ்வொன்றும் ஒரு தையலைக் கையில் கொடுக்கிறது. வைரஊசி என்பது மெல்லிய கோடு, அது ஓட்டுத் தையல். கோபுரக் கரை வரிசையாக முக்கோணம், சாட்டின் தையலில் கீழே அகலமாக ஆரம்பித்து மேலே ஒரு குத்தில் முடிக்கலாம், தையல் சின்னதாக இருப்பதால் சாட்டின் பழகவும் இதுவே நல்ல இடம். மல்லிமொக்குக்கு ஒரு லேசி டெய்சி, அடியில் ஒரு சின்னக் காம்பு. ருத்ராட்சம் நெருக்கமான ஃபிரெஞ்ச் நாட் கொத்து. பருத்திப் பிளவுஸின் கை ஓரத்தில் ஒரு வரிசை மல்லிமொக்கும் அதற்கு மேலும் கீழும் வைரஊசிக் கோடும் ஓடவிட்டால் மூன்று மாலையில் முடிகிற வேலை. ஆரி வேலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கல்யாண பிளவுஸ் தைக்கிற காலத்தில் இது எளிமையாகத்தான் தெரியும், ஆனால் ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகலாம்.

செடிகொடிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. எம்ப்ராய்டரி என்றதும் கை தானாக ரோஜாவுக்கும் லாவெண்டருக்கும் போகிறது, படங்களில் அதுதான் கொட்டிக்கிடக்கிறது. லாவெண்டரை நேரில் பார்க்காமலே பத்து முறை தைத்தவர்கள் இருக்கிறார்கள். வாசலில் இருக்கிற முருங்கைக் கொப்பை ஒடித்து மேஜைமேல் வைத்துப் பாருங்கள், நடுவே ஒரு காம்பு, இரண்டு பக்கமும் கிளைக்காம்பு, அதில் சின்னச் சின்ன வட்ட இலை. காம்புத் தையலும் லேசி டெய்சியும் தெரிந்தால் முருங்கை வந்துவிடும். வேப்பிலைக்கு ஓரம் பல்பல்லாக இருக்கும், இலையின் இரண்டு பாதியும் ஒரே அளவில் இருக்காது, நடு நரம்பிலிருந்து சாய்வாக இறங்கும் ஃபிஷ்போன் தையல் அதற்குச் சரியாகப் பொருந்தும். ஆவாரம்பூ, சங்குப்பூ, தும்பை, எருக்கு என்று பட்டியல் போட்டால் கட்டுரை முடியாது. நிஜச் செடியை வைத்துக்கொண்டு தைப்பதில் ஒரு லாபம் உண்டு: இலை எந்தப் பக்கம் திரும்புகிறது, காம்பு எங்கே வளைகிறது என்பதை வேறொருவர் படம் சொல்லித்தர வேண்டியதில்லை.

போட்டோவிலிருந்து எடுப்பதாக இருந்தால் ஒரு தந்திரம். போனில் படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அப்போதும் எந்தக் கோடு கண்ணுக்குத் தெரிகிறதோ அது மட்டும் துணிக்குப் போகட்டும். மிச்சமெல்லாம் நூலுக்குத் தேவையில்லாத விவரம்.

எனக்கு மிகவும் பிடித்தது எழுத்து. தாத்தா பழைய கடிதத்தில் போட்ட கையெழுத்து, குழந்தை முதன்முதலில் கோணலாக எழுதின தன் பெயர், பாட்டி மளிகைக் கணக்கில் எழுதின "து.பருப்பு" கூட. அப்படியே நகலெடுத்துப் பின்தையல் (ஒரு குத்து பின்னால் வந்து, இடைவெளி விடாமல் தைப்பது) போட்டால் அந்த ஆளே துணியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். தமிழ் எழுத்து முழுக்க வளைவு என்பதால் தையல் சின்னதாக இருக்க வேண்டும். நேர்க்கோட்டில் 4 மி.மீ. போடுகிறவர் ண-வின் சுழிகளில் 2 மி.மீ.க்கு இறங்கிவிட வேண்டும், இல்லையென்றால் சுழி முக்கோணமாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு ஃபிரெஞ்ச் நாட். தமிழ் எழுத்துக்கென்றே செய்த தையல் மாதிரி இருக்கும் அது.

செட்டிநாட்டு ஆத்தங்குடித் தரைக்கல், ஜன்னல் கிரில், பழைய தகர டிரங்குப் பெட்டியின் பூ எல்லாம் இதே கேள்விக்குப் பதில் சொல்லும், நீங்களே கேட்டுப் பாருங்கள்.

எண்ணித் தைப்பவர்கள்

வரையவே வராது என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, நூலை எண்ணித் தைப்பது. நீலகிரியின் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலில் பூத்துக்குளிப் போர்வைக்குப் போடும் வேலையைப் பார்த்திருப்பீர்கள். அதில் துணிமேல் கோடே வரைவதில்லை. நெசவின் இழைகளை எண்ணிக்கொண்டே ஊசியை ஓட்டுகிறார்கள், எருமைக் கொம்பும் மயிலிறகும் தேனடையும் கட்டங்களாக எழும்பி வருகின்றன. பார்ப்பவர்களுக்கு நெய்த துணியா தைத்த துணியா என்ற சந்தேகம் வரும். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கர்நாடகத்தின் தார்வாட் பக்கத்துக் கசூத்தியும் எண்ணித் தைப்பதுதான். அதில் கவந்தி என்கிற தையலில் ஓட்டுத் தையலாக முன்னால் போய், திரும்பி வரும்போது விட்ட இடைவெளிகளை நிரப்புவார்கள், முடிச்சே போடாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். கோபுரம், தேர், துளசி மாடம், யானை என்று மோடிஃப் எல்லாம் நமக்கும் தெரிந்தவையே.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய உருவங்களைவிட அவர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு என்பேன். தோடர் வேலையில் இரண்டே நிறம், ஒரே வகைத் தையல். இழைகள் கட்டம் கட்டமாகத் தெரிகிற மேட்டித் துணி வாங்கி, கணக்கு நோட்டின் கட்டத்தாளில் பென்சிலால் நிரப்பி உங்கள் வீட்டு மாடத்தையோ ஆட்டோவையோ வரைந்து பாருங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். பழகுவதற்காகத் தோடர் உருவத்தைப் பார்த்துப் போடுவதில் குற்றமில்லை. ஆனால் அதைத் தோடர் எம்ப்ராய்டரி என்று சொல்லி விற்பது வேறு சங்கதி, புவிசார் குறியீடு இருப்பதே அந்தப் பெயரையும் அதை நம்பிப் பிழைப்பவர்களையும் காப்பாற்றத்தான். தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள், ஏறக்குறையக் கைவிட்டுப்போன தங்கள் பூவேலையை மூத்தவர்களிடமிருந்து மறுபடி கற்றுக்கொண்டு இப்போது அதிலேயே வருமானமும் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பழைய மேஜைவிரிப்போ, அத்தை கல்யாணத்துக்கு முன்னால் போட்ட தலையணை உறையோ இருந்தால், முதலில் அதன் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். நூல் எங்கே ஆரம்பித்து எங்கே போனது என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

மயிலைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கு நான் இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் மிக்ஸிக்கு வேறு உறை கிடைத்திருக்கும். போனில் நேரம் வைத்துக்கொண்டு 10 செ.மீ. சங்கிலித் தையல் போடுங்கள், 2 செ.மீ. இலை ஒன்றைச் சாட்டினில் நிரப்புங்கள். எனக்குச் சங்கிலி 10 நிமிடம், இலை 20 நிமிடம். ஆக நம் கோலத்துக்குக் கோடு ஒரு மணி நேரம், வெட்டும் இடங்களுக்கும் புள்ளிகளுக்கும் இன்னொரு மணி நேரம். நாற்பது இலை இருக்கிற கொடியை நிரப்பினால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல், அதையே வெறும் ஓரக்கோடாகப் போட்டால் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. டிசைன் பிடித்திருக்கிறது, நேரம் இல்லை என்றால் டிசைனை விட வேண்டாம், நிரப்புவதை விடுங்கள்.

நிறத்துக்கும் சின்ன வழி. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதிலிருந்து மூன்று நிறத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அம்மாவின் அரக்குப் பட்டில் மாம்பழ மஞ்சள் கரை, நடுவே ஒரு இழை கிளிப்பச்சை என்றால் அந்த மூன்றும் ஏற்கெனவே ஒன்றோடு ஒன்று ஒத்துப்போய் இருக்கிறது, நாம் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. நூலைத் துணிமேல் வைத்து போனில் கறுப்பு வெள்ளைப் போட்டோ எடுத்துப் பாருங்கள். இரண்டு நிறம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தூரத்திலிருந்து அவை ஒன்றாகவே கலந்துவிடும், ஒன்றை மாற்றுங்கள். சிவப்பு, அரக்கு நூல் சாயம் விடுமா என்று ஈர வெள்ளைத் துணியில் ஒரு முறை தேய்த்துப் பார்த்துவிடுவதும் நல்லது.

சாம்ப்ளர் என்கிற நோட்டு

பார்த்தது எல்லாவற்றையும் உடனே ப்ராஜெக்டாக மாற்ற முடியாது, அதற்குத்தான் சாம்ப்ளர். ஒரு துண்டுத் துணியில் புதுத் தையல், பிடித்த கரை, முயற்சி செய்து பார்த்த இலை என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் போட்டு வைப்பது. அச்சிட்ட டிசைன் புத்தகம் எளிதில் கிடைக்காத காலத்தில் ஐரோப்பாவில் பெண்களுக்கு இதுதான் நோட்டுப் புத்தகம். லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் என்பவர் 1598-இல் தைத்த சாம்ப்ளர் ஒன்று இருக்கிறது, ஆண்டு குறித்த பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் அதுதான் மிகப் பழையது. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596-இல் பிறந்த செய்தியையும் அதில் எழுத்தாகத் தைத்திருக்கிறார். நம் ஊரில் தையல் டீச்சர் பயிற்சிக்குப் போனவர்கள் ரெக்கார்ட் நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு தையலாகத் துணி ஒட்டி வைத்திருப்பார்களே, அதுவும் இதே சாதிதான். எங்கள் தெருவில் ஒரு அக்கா இருபது வருடத்துக்கு முன்னால் செய்த ரெக்கார்டைக் கடன் வாங்கி வந்து நான் ஒரு மழைக்காலம் முழுக்க அதைப் பார்த்தே தைத்தேன். எந்த வீடியோவிலும் கிடைக்காத ஒன்று அதில் இருந்தது: டீச்சர் சிவப்பு மையில் எழுதின "இழுவை அதிகம்". அன்று முதல் நூலை இழுக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும்.

துணிக்கு டிசைனை மாற்ற வழி பல இருக்கிறது. மெல்லிய வெளிர்த் துணி என்றால் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பென்சிலால் லேசாக வரைந்துவிடலாம். கெட்டித் துணிக்குத் தையல் சாமான் கடையில் கிடைக்கிற மஞ்சள் கார்பன் வாங்குங்கள். வீட்டில் கிடந்த டைப்ரைட்டர் கார்பனை மட்டும் எடுத்துவிடாதீர்கள், எங்கள் மயிலின் தோகை இத்தனை வருடத் துவைப்புக்கும் போகாமல் நீலமாகவே இருப்பதற்கு அதுதான் காரணம். தண்ணீரில் அழிகிற பேனாவால் வரைந்திருந்தால் அலசிக் கோடு முழுக்கப் போன பிறகுதான் இஸ்திரிப் பெட்டி, சூடு பட்டால் அந்தக் கோடு துணியிலேயே தங்கிவிடும்.

இஸ்திரி போடும்போது அடியில் ஒரு துண்டை நான்காக மடித்து விரித்து, பூவேலையை அதன்மேல் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் தேயுங்கள். நேராகத் தேய்த்தீர்கள் என்றால் இருபது ஃபிரெஞ்ச் நாட்டும் கடுகு நசுங்கின மாதிரி நசுங்கிவிடும்.